என்எஃப்எல் பிளேஆஃப் கணக்கு: குமரி மாவட்டத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு

பொங்கலை ஒட்டி வருகிற சனி ஞாயிறில் அமெரிக்காவில் என்எஃப்எல் லீக்கின் பிளேஆஃப், அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்ததும் வருகிற நாக்அவுட் சுற்று, ஆரம்பிக்கும். நம்ம மாவட்டத்தில் ஃபுட்பால் என்று சொன்னால் தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கத்து ஆட்டம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இது வேறு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு மோதுகிற அமெரிக்க ஃபுட்பால். ஆட்டத்தின் விதிகளை நான் இங்கே எழுதவில்லை, அதை ரெண்டு மேட்ச் பார்த்தாலே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் பிடிபட்டு, ஒரு டீமும் மனதுக்குப் பிடித்துப்போய், டிசம்பர் வரைக்கும் ஆசையாகப் பார்த்துவிட்டு, அப்புறம் "இந்த டீம் உள்ளே, அந்த டீம் வெளியே" என்று அறிவிக்கும்போது ஏன் எதற்கு என்று ஒன்றும் புரியாமல் முழிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஐபிஎல் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரே டேபிள் பழகிப்போச்சு. பத்து டீம், மேலிருந்து கீழே புள்ளிகள், முதல் நாலு பேர் உள்ளே, முடிஞ்சது. என்எஃப்எல்லில் 32 டீமையும் ஒரே வரிசையில் அடுக்கிப் பார்த்தால் எதுவுமே தெரியாது. பல வெப்சைட்டில் அப்படி ஒரு டேபிளும் காட்டுவார்கள், அதைத் திறக்கவே திறக்காதீர்கள். டிவிஷன் வாரியாகக் காட்டுகிற டேபிளைத் திறந்துகொள்ளுங்கள்.

டிவிஷன் என்றால் என்ன? 32 டீமும் முதலில் இரண்டு பாதியாகப் பிரியும். ஒன்று ஏஎஃப்சி, இன்னொன்று என்எஃப்சி. ஒவ்வொரு பாதியிலும் 16 டீம். அந்த 16-உம் கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு டிவிஷன், டிவிஷனுக்கு 4 டீம். நம்ம மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். கிள்ளியூரும் திருவட்டாரும் தனியாகப் பிரிவதற்கு முன்னால் இங்கே நாலு தாலுகாதானே இருந்தது, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. ஒரு தாலுகாவுக்கு நாலு டீம் வைத்து மாவட்டப் போட்டி ஒன்று நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாலுகாவில் முதலாவது வருகிற டீமுக்குக் கட்டாயம் இடம் உண்டு. அப்படி நாலு டீம் ஆச்சு. மிச்சம் இருக்கிற 12 டீமையும் ஒன்றாகச் சேர்த்து, அதில் நன்றாக ஆடிய மூன்று டீமுக்கு இடம். மொத்தம் ஏழு. இந்த மாவட்டம்தான் ஒரு கான்ஃபரன்ஸ். பக்கத்து மாவட்டத்திலும் இதே மாதிரி ஏழு பேர் வருவார்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக ஜெயித்து வருகிற இரண்டு டீமும் கடைசியில் மோதும். அந்தக் கடைசி ஆட்டம்தான் சூப்பர் பவுல்.

ஆக 14 டீம். 1990இலிருந்து 12 டீமாக இருந்ததை 2020இல் 14 ஆக்கினார்கள். அடுத்த வருடம், 2021இல், லீக் ஆட்டங்களை 16லிருந்து 17 ஆக்கினார்கள். 18 வாரத்தில் 17 ஆட்டம், நடுவில் ஒரு வாரம் ஓய்வு.

அந்த 17 ஆட்டம் யார் யாரோடு என்பதைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற சண்டைக்கெல்லாம் இதுதான் வேர். சொந்த டிவிஷனில் உள்ள மூன்று டீமோடும் தலா இரண்டு ஆட்டம், ஒன்று நம்ம ஊரில், ஒன்று அவன் ஊரில். அது 6. சொந்தக் கான்ஃபரன்ஸில் வேறொரு டிவிஷனின் நாலு டீமோடும் தலா ஒன்று, எதிர்க் கான்ஃபரன்ஸில் ஒரு டிவிஷனின் நாலு டீமோடும் தலா ஒன்று. எந்த டிவிஷன் என்பது வருடா வருடம் சுற்றி வரும். அது 8. மீதி மூன்று ஆட்டம், போன வருடம் தங்கள் டிவிஷனில் நாம் வந்த அதே இடத்தில் வந்த டீம்களோடு. போன வருடம் நாம் முதலாவது வந்திருந்தால் அப்போது முதலாவது வந்த மற்றவர்களோடு, கடைசியாக வந்திருந்தால் கடைசியாக வந்தவர்களோடு. இதிலிருந்து ஒன்று விளங்கும். ஒரே டிவிஷனில் இருக்கிற நாலு டீமும் கிட்டத்தட்ட ஒரே எதிரிகளோடுதான் ஆடுகின்றன, வேறு டிவிஷன் டீம் பெரும்பாலும் வேறு எதிரிகளோடு ஆடுகிறது. அதனால் ஒரு டிவிஷனுக்குள் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு, டிவிஷன் தாண்டி ஒப்பிடுவதில் எப்போதும் கொஞ்சம் இடறல் இருக்கும். பிளேஆஃப் முறை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. டிவிஷனை ஜெயிப்பதுதான் பெரிய காரியம், மொத்த எண்ணிக்கை இரண்டாவது.

சரி, ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். போனில் செய்வதைவிட கையால் எழுதினால் ஒரே வருடத்தில் மனதில் ஏறிவிடும். ஒரு பக்கத்தில் ஒரு கான்ஃபரன்ஸ், நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு டீம், ஜெயித்தது தோற்றது. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் இருக்கிற டீமை வட்டமிடுங்கள். அந்த நாலு வட்டத்தையும் ஜெயித்த கணக்கு வரிசையில் 1, 2, 3, 4 என்று நம்பர் போடுங்கள். அப்புறம் வட்டமிடாத 12 டீமில் நல்ல கணக்கு வைத்திருக்கிற மூன்று பேருக்கு 5, 6, 7. அவ்வளவுதான், அந்த மூன்று பேருக்கு வைல்டு கார்டு என்று பெயர். டிவிஷன் ஜெயிக்காத டீமுக்கு 1 முதல் 4 வரை உள்ள நம்பர் கிடைக்கவே கிடைக்காது, அது எத்தனை ஆட்டம் ஜெயித்திருந்தாலும் சரி.

2024 சீசனின், அதாவது 2024 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை ஆடிய லீக்கின், என்எஃப்சி பக்கத்தை அப்படியே போட்டுக் காட்டுகிறேன், இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வடக்கு டிவிஷனில் டெட்ராய்ட் லயன்ஸ் 15-2. கிழக்கில் பிலடெல்பியா ஈகிள்ஸ் 14-3. தெற்கில் டாம்பா பே பக்கனியர்ஸ் 10-7. மேற்கில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 10-7. இவர்கள் 1, 2, 3, 4. இப்போது வட்டமிடாதவர்களைப் பாருங்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் 14-3, வாஷிங்டன் கமாண்டர்ஸ் 12-5, கிரீன் பே பேக்கர்ஸ் 11-6. இவர்கள் 5, 6, 7.

கவனித்தீர்களா? 14 ஆட்டம் ஜெயித்த வைக்கிங்ஸ் 5ஆம் நம்பர், 10 ஆட்டம் ஜெயித்த ராம்ஸ் 4ஆம் நம்பர். முதல் சுற்றில் 4ஆம் நம்பர் ஊருக்கு 5ஆம் நம்பர் போக வேண்டும். அந்த ஆட்டம் நம்ம நேரத்துக்கு 2025 பொங்கலன்று காலை ஆறரைக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் அதை அரிசோனாவின் கிளெண்டேலுக்கு மாற்றியிருந்தார்கள், ஆனாலும் கணக்கில் அது ராம்ஸின் ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மருமவன் கேட்டான், "அது எப்பிடி மாமா செரியாவும்? பதினாலு ஜெயிச்சவன் பத்து ஜெயிச்சவன்கிட்ட போவணுமா?" நான் சொன்னேன், "மக்கா, நீ எண்ணிக்கைய மட்டும் பாக்குத. அவன் டிவிஷன்ல எத்தனாவது வந்தான்னு பாரு." அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ராம்ஸ் 27-9 என்று ஜெயித்தது, வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற சாம் டார்னால்டை, ஒன்பது தடவை மடக்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் கேட்டது சின்னப்பையன் கேள்வி இல்லை, லயன்ஸ் நிர்வாகமே 2025இல் இதைத்தான் கேட்டது. டிவிஷன் ஜெயித்தவர்களுக்கு இடம் இருக்கட்டும், ஆனால் யார் ஊரில் ஆட்டம் என்பதை மொத்தக் கணக்கை வைத்து முடிவு பண்ணலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆதரவு கிடைக்காமல் அந்த மே மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் இப்போது இருப்பதே இருக்கட்டும் என்பேன். அதற்குக் காரணம் அதே சீசனின் கடைசி லீக் ஆட்டம். 2025 ஜனவரி 5, லயன்ஸும் வைக்கிங்ஸும் இரண்டு பேரும் 14-2. இருவரும் ஒரே டிவிஷன். ஜெயிப்பவனுக்கு 1ஆம் நம்பரும் ஒரு வாரம் ஓய்வும், தோற்பவனுக்கு 5ஆம் நம்பரும் வெளியூர்ப் பயணமும். நடுவில் எதுவும் கிடையாது. மொத்த எண்ணிக்கையை வைத்து நம்பர் கொடுத்திருந்தால் தோற்றவனும் மேலே எங்கேயோ ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்திருப்பான், அந்த ஆட்டத்தில் அவ்வளவு சூடு இருந்திருக்காது. லயன்ஸ் 31-9 என்று ஜெயித்தது. டிவிஷனுக்கு இவ்வளவு மதிப்பு வைத்ததால்தான் ஒரு லீக் ஆட்டம் இறுதி ஆட்டம் மாதிரி ஆனது.

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் பலம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 11-5 எடுத்தும் பிளேஆஃப் போகவில்லை, அதே வருடம் சான் டியாகோ சார்ஜர்ஸ் 8-8 எடுத்து டிவிஷன் ஜெயித்து உள்ளே போனது. 2010இல் சியாட்டில் சீஹாக்ஸ் 7-9. தோற்றதுதான் அதிகம், ஆனாலும் டிவிஷனில் முதலிடம். 11-5 எடுத்த நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், அதுவும் முந்தைய வருடச் சாம்பியன், சியாட்டிலுக்கு வர வேண்டியதாயிற்று. நாடே சீஹாக்ஸுக்கு இதில் தகுதி இல்லை என்று பேசியது. சீஹாக்ஸ் 41-36 என்று ஜெயித்தது. மார்ஷான் லிஞ்ச் பந்தை வாங்கி ஆள் மேல் ஆளாக உதறித் தள்ளிக்கொண்டு 67 யார்டு ஓடியபோது கூட்டம் குதித்த குதியில் பக்கத்தில் இருந்த நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிவானது. யூடியூபில் அந்த ஓட்டம் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

இனி சுற்றுகள். முதல் சுற்றில் 2க்கு 7, 3க்கு 6, 4க்கு 5. 1ஆம் நம்பருக்கு ஆட்டம் இல்லை, ஓய்வு. 2020க்கு முன்னால் 1, 2 இருவருக்குமே ஓய்வு இருந்தது, இப்போது ஒருவருக்கு மட்டும், அதனால் முதலிடத்துக்கு அடிதடி கூடிப்போச்சு. 18 வாரம் மோதி மோதி முட்டியும் தோளும் போய்க் கிடக்கிற ஆட்களுக்கு ஒரு வாரம் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது சுற்றில்தான் நிறையப் பேர் இடறுவார்கள். டென்னிஸ் மாதிரி, உலகக்கோப்பை நாக்அவுட் மாதிரி, முன்கூட்டியே கோடு போட்டு வைத்த அட்டவணை இங்கே கிடையாது. முதல் சுற்று முடிந்ததும் ஜெயித்தவர்களை மறுபடி அடுக்குவார்கள். மிச்சம் இருப்பதில் ஆகக் கடைசி நம்பர் யாரோ, அவர் 1ஆம் நம்பர் ஊருக்குப் போக வேண்டும். மற்ற இருவரும் தங்களுக்குள் ஆடுவார்கள், இருவரில் மேலே இருக்கிற நம்பரின் ஊரில். நோட்டில் முதல் சுற்றுக்கு மட்டும் கோடு போடுங்கள், அதற்கு மேல் போட்டால் அழிக்க வேண்டிவரும்.

2024ஐயே தொடருவோம். ஈகிள்ஸ் பேக்கர்ஸை 22-10 என்று ஜெயித்தது. கமாண்டர்ஸ் டாம்பா பே ஊருக்குப் போய் 23-20. ராம்ஸ் வைக்கிங்ஸை ஜெயித்ததை மேலே சொன்னேன். மிச்சம் 1, 2, 4, 6. கடைசி நம்பர் 6, ஆகவே கமாண்டர்ஸ் டெட்ராய்ட்டுக்கு. 2ஆம் நம்பர் ஈகிள்ஸ் ஊருக்கு 4ஆம் நம்பர் ராம்ஸ். ஓய்வெடுத்து, சொந்த ஊரில், 15-2 என்று காத்திருந்த லயன்ஸ் 45-31 என்று தோற்றது. ஈகிள்ஸ் ராம்ஸை 28-22. அடுத்து கான்ஃபரன்ஸ் இறுதி, 2க்கு 6, ஈகிள்ஸ் ஊரில், 55-23. பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல், கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22. நாலு ஆட்டம், நாலும் ஜெயித்தால் கோப்பை. 1ஆம் நம்பருக்கு மூன்றே போதும்.

ஐபிஎல்லில் முதல் இரண்டு இடம் பிடித்தவனுக்கு ஒரு ஆட்டம் தோற்றாலும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. இங்கே கிடையாது. ஒரு தோல்வி, சீசன் முடிஞ்சது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மேலே வந்ததற்குக் கிடைக்கிற பரிசு சொந்த ஊர் மட்டுமே. அது சின்னப் பரிசு இல்லை. 2024 ஜனவரி 13 அன்று மியாமி டால்பின்ஸ் கன்சாஸ் சிட்டிக்குப் போனபோது ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். மார்கழிக் காலையில் பேச்சிப்பாறைப் பக்கம் பைக்கில் போனாலே நமக்குக் காதை மூட வேண்டியிருக்கு, மியாமியும் நம்மைப் போல் கடலோர வெப்ப ஊர்தான். அந்த ஆட்கள் மைனஸ் இருபதில் பந்து பிடிக்க வேண்டும். 26-7 என்று தோற்றார்கள். ஒரு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்தால் அவர்கள் டிவிஷன் ஜெயித்து, மியாமி வெயிலில், சொந்தக் கூட்டத்தின் முன்னால் ஆடியிருப்பார்கள். நம்பர் என்பது வெறும் நம்பர் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் வெளியூர் வெளியூராகப் போய்க் கோப்பை அடித்தவர்களும் உண்டு. 2005 பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் 2010 பேக்கர்ஸும் 6ஆம் நம்பர். 2007 நியூயார்க் ஜயண்ட்ஸ் 5ஆம் நம்பர், டாம்பா, டல்லாஸ், கடுங்குளிர் கிரீன் பே என்று மூன்று ஊரிலும் ஜெயித்து, கடைசியில் 18 ஆட்டம் தோற்காமல் வந்த பேட்ரியாட்ஸை 17-14 என்று மடக்கியது. 7ஆம் நம்பரில் இருந்து ஒரு ஆட்டம் ஜெயித்த முதல் டீம் பேக்கர்ஸ், 2024 ஜனவரியில் டல்லாஸ் கௌபாய்ஸை அவர்கள் ஊரிலேயே 48-32.

இப்போது சமநிலை. இரண்டு டீம் ஒரே கணக்கில் நின்றால் யார் மேலே? நம்ம கை உடனே நெட் ரன் ரேட் மாதிரி ஒன்றைத் தேடும். இங்கே எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்பது பட்டியலில் ரொம்பக் கீழே கிடக்கும், அங்கே வரைக்கும் போவது அபூர்வம். முதல் கேள்வி, நீங்கள் இருவரும் நேருக்கு நேர் ஆடினீர்களா, யார் ஜெயித்தது? இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. யாரோ ஒரு பலவீனமான டீமை ஐம்பது பாயின்ட்டில் அடித்து மேலே ஏற முடியாது.

2024 ஏஎஃப்சியில் ஸ்டீலர்ஸும் டென்வர் பிராங்கோஸும் 10-7. செப்டம்பரில், சீசனின் இரண்டாவது வாரத்திலேயே, டென்வரில் வைத்து ஸ்டீலர்ஸ் 13-6 என்று ஜெயித்திருந்தது. யாருமே பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த ஆட்டத்தால் ஜனவரியில் ஸ்டீலர்ஸ் 6, பிராங்கோஸ் 7. அதனால் செப்டம்பர் ஆட்டங்களை விட்டுவிடாதீர்கள், நோட்டில் ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நேருக்கு நேரும் சமம் என்றால், ஒரே டிவிஷன் டீம்களுக்கு அடுத்து டிவிஷனுக்குள் உள்ள கணக்கு, அப்புறம் இருவருக்கும் பொதுவான எதிரிகளோடு ஆடிய கணக்கு, அப்புறம் கான்ஃபரன்ஸ் கணக்கு. வேறு வேறு டிவிஷன் என்றால் நேருக்கு நேருக்குப் பிறகு கான்ஃபரன்ஸ் கணக்கு முதலில், பொது எதிரிகள் அடுத்து, அதுவும் பொதுவாக நாலு ஆட்டமாவது இருந்தால்தான். இதெல்லாம் சமம் என்றால் நீ ஜெயித்த டீம்கள் எல்லாம் சேர்த்து எத்தனை ஜெயித்திருக்கின்றன என்று பார்ப்பார்கள், வலுவான ஆட்களை ஜெயித்தவனுக்கு மதிப்பு. அதற்கும் கீழே நீ ஆடிய எல்லா எதிரிகளின் கணக்கு. இன்னும் சில படிகள் இறங்கி, எல்லாவற்றுக்கும் அடியில் காசு சுண்டல். டிரா ஆன ஆட்டம் அரை வெற்றி, அரை தோல்வி.

இவ்வளவு கீழே யார் இறங்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2024இல் ராம்ஸும் சீஹாக்ஸும் 10-7. ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள். டிவிஷனுக்குள் இருவருமே 4-2. பொது எதிரிகளிலும் பிரியவில்லை, கான்ஃபரன்ஸிலும் 6-6. கடைசியில் நீ ஜெயித்த டீம்களின் வலு என்கிற படியில்தான் ராம்ஸ் மேலே போனது. இதில் அதிசயம் என்னவென்றால், ராம்ஸ் தன் ஆட்டத்தை சனிக்கிழமை முடித்துவிட்டது, டிவிஷன் உறுதியானது ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரோ வேறு யாரையோ ஜெயித்ததில். தான் மைதானத்திலேயே இல்லாத ஒரு நாளில் சாம்பியன் ஆனார்கள். சீஹாக்ஸ் அதற்கு அடுத்த வாரம் ராம்ஸையே 30-25 என்று ஜெயித்தும் வீட்டுக்குத்தான் போனது.

மூன்று டீம் சமமாக நின்றால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வைல்டு கார்டுக்கு ஒரு டிவிஷனிலிருந்து ஒரே ஒருவரைத்தான் ஒரு நேரத்தில் எடுப்பார்கள். முதலில் டிவிஷனுக்குள் சண்டையைத் தீர்த்து ஒருவரை அனுப்பு, அப்புறம் மற்ற டிவிஷன்காரனோடு மோது. மூவரில் ஒருவர் விலகியதும் மீதி இருவருக்கும் முதல் படியில் இருந்து, அதாவது நேருக்கு நேரில் இருந்து, மறுபடி தொடங்க வேண்டும். விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தால் விடை தப்பாகும்.

கடைசி இரண்டு வாரம் பார்க்கிற முறை தனி. டேபிளில் டீம் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள் முளைக்கும். இடம் உறுதி, டிவிஷன் உறுதி, ஓய்வு உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. வெப்சைட்டுக்கு வெப்சைட் இது மாறுகிறது, டேபிளுக்கு அடியில் விளக்கம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமாக, உங்கள் டீமின் எதிரிக்கு அந்த ஆட்டம் தேவையா என்று பாருங்கள். 2024 கடைசி வாரத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் சனிக்கிழமையே ஜெயித்துவிட்டுக் காத்திருந்தது. பிராங்கோஸ் தோற்றால்தான் அவர்களுக்கு வழி. பிராங்கோஸ் ஆடியது 15-1 என்று இருந்த சீஃப்ஸோடு. கேட்க நம்பிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சீஃப்ஸுக்கு 1ஆம் நம்பர் ஏற்கெனவே கையில் இருந்ததால் முன்னணி ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். பிராங்கோஸ் 38-0. பெங்கால்ஸ் கதை முடிந்தது. 15-1 என்கிற கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி, நோட்டில் கணக்குப் போட்டவர்களுக்கு முந்தின நாளே தெரியும்.

ஓவர்டைம் பற்றி ஒரு வார்த்தை. லீக்கில் 10 நிமிடம் கூடுதலாக ஆடி, அப்போதும் சமம் என்றால் டிரா. பிளேஆஃபில் டிரா கிடையாது, 15 நிமிடம் 15 நிமிடமாக முடிவு வரும் வரை ஆட வேண்டும். முன்பெல்லாம் காசு சுண்டி ஜெயித்தவன் முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் (பந்தை எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) போட்டால் எதிரி பந்தைத் தொடாமலே தோற்பான். 2022 ஜனவரியில் சீஃப்ஸ் பஃபலோ பில்ஸை 42-36 என்று அப்படித்தான் ஜெயித்தது, பில்ஸின் ஜாஷ் ஆலன் ஓவர்டைமில் ஓரமாக நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. அதற்குப் பிறகுதான் பிளேஆஃபில் இரண்டு பேருக்கும் கட்டாயம் ஒரு வாய்ப்பு என்று மாற்றினார்கள். 2024 பிப்ரவரி சூப்பர் பவுல்தான் அந்த விதிக்கு முதல் சோதனை. சான் பிரான்சிஸ்கோ முதலில் மூன்று பாயின்ட் எடுத்தது, சீஃப்ஸ் பதிலுக்கு டச்டவுன், 25-22.

இனி நேரம். நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு பத்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் சுற்று மூன்று நாள் நடக்கும், நமக்கு அது ஞாயிறு அதிகாலை 3 மணியில் தொடங்கும், அடுத்தது காலை ஆறரை வாக்கில். ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு ஒன்று, திங்கள் அதிகாலை 3 மணிக்கு ஒன்று, திங்கள் காலை ஏழு மணிக்கு முன்னால் ஒன்று, செவ்வாய்க் காலை கடைசி ஒன்று. குலசேகரம், அருமனைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி, ரப்பர் பால்வெட்டுக்கு எழும்புகிற வீடுகளில் அந்நேரம் எப்படியும் விளக்கு எரியும். எல்லாவற்றையும் பார்க்க முயற்சி பண்ணாதீர்கள், உடம்பு கெடும். ஞாயிறு காலை ஆறரை ஆட்டத்தையும் திங்கள் காலை ஆட்டத்தையும் நேரடியாகப் பாருங்கள், மற்றதற்கு என்எஃப்எல்லின் யூடியூப் பக்கத்தில் ஹைலைட்ஸ் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நோட்டில் நம்பரை அடித்துவிடுங்கள், இரண்டாம் சுற்றில் யாருக்கு யார் என்பதை டிவிக்காரன் சொல்லும் முன்னால் நீங்களே சொல்லலாம்.

கான்ஃபரன்ஸ் இறுதி இரண்டும் ஒரே நாளில் வரும், நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரைக்கும் 5 மணிக்கும். அதற்கு இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, அதாவது நமக்குத் திங்கட்கிழமை காலை 5 மணிக்கு சூப்பர் பவுல். அது மட்டும் யார் ஊரிலும் இல்லை, பல வருடம் முன்னாலேயே முடிவு செய்த மைதானம். தற்செயலாக ஒரு டீமின் சொந்த மைதானமே அந்த வருடம் அமைவதும் உண்டு, 2021இல் பக்கனியர்ஸுக்கும் 2022இல் ராம்ஸுக்கும் அப்படி அமைந்தது, இருவருமே ஜெயித்தார்கள். நடுவில் பாட்டுக் கச்சேரியும் இருப்பதால் ஆட்டம் முடிய எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஸ்கூல் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் பையையும் சாப்பாட்டையும் ஞாயிறு ராத்திரியே ரெடி பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் முந்தின வாரமே அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.